இடது மணிக்கட்டு

காலை ஐந்தே முக்காலுக்குக் கிளீட்டஸ் பின்வாசலில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். எதிரே வேலி. வேலிக்கு அப்பால் ஒரு கால்வாய், அதன் பிறகு செம்பனைத் தோட்டம். விளக்கைப் போடவில்லை. இடது மணிக்கட்டில் இரத்த அழுத்தம் பார்க்கும் கருவியைக் கட்டி, கையை நெஞ்சு உயரத்துக்குத் தூக்கி வைத்துக்கொண்டார். பட்டை மெல்ல இறுகியது. அவர் செம்பனையைப் பார்த்துக்கொண்டிருந்தார். 174/98. நோட்டில் எழுதினார்.

பதினொரு மாதங்களாக ஒருநாளும் விட்டதில்லை. தேதி, நேரம், அளவு என மூன்று கட்டங்களும் நிரம்பியிருந்தன. நான்காவது கட்டத்தில் ‘குறிப்பு’ என்று தலைப்புப் போட்டிருந்தார். அது மட்டும் காலியாக இருந்தது.

பட்டாளத்தை விட்டு வந்து முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. ஆனாலும் விடிவதற்கு முன் எழுந்து, பேசாமல், வெளியே பார்த்து உட்காருவது நிற்கவில்லை. காட்டில் அது கட்டளை. எதிரி வருவதானால் அந்த நேரத்தில்தான் வருவான் என்பார்கள். வெளிச்சம் வந்து மரங்கள் தனித்தனியாகத் தெரியும்வரை யாரும் அசையக்கூடாது. இந்தச் செலண்டார் ஊரில் எதிரி இல்லை. அவர் உட்கார்ந்தார்.

நோட்டைப் பார்த்துத்தான் கிளினிக்கில் மாத்திரையை ஏற்றினார்கள். ஒன்று இரண்டாயிற்று. இரண்டாவது மாத்திரை தொடங்கிய ஒன்பதாம் நாள் காலை பத்து மணிக்குப் பசாரில் மீன் வாங்கிக்கொண்டிருந்தபோது கண் இருட்டியது. விழித்தபோது ஈரத் தரையில் கிடந்தார். ஐஸ் பெட்டியின் விளிம்பு புருவத்தைக் கிழித்திருந்தது. மூன்று தையல்.

வீட்டுக்கு வந்ததும் அவரே கருவியைக் கட்டிப் பார்த்தார். 94/58. மறுநாளிலிருந்து பத்து மணிக்கு, இரண்டு மணிக்கு, மாலை ஆறு மணிக்கு எனச் சிவப்பு மையில் எழுதத் தொடங்கினார். மூன்று வாரத்தில் கணக்கு புரிந்துவிட்டது. விடியலில் மட்டும் மலை. மற்ற நேரமெல்லாம் பள்ளம். மாத்திரை அந்த ஒரு மணி நேரத்துக்காகப் போகிறது. மிச்ச நேரம் அவரைக் கீழே தள்ளுகிறது.

இன்று கிளினிக் நாள். மூன்றாவது மாத்திரை பற்றிப் போன தடவையே டாக்டர் சொல்லியிருந்தார். அடுத்த முறை விழுவது பசாரில் இருக்காது, மாடிப்படியில் இருக்கும் என்று கிளீட்டஸுக்குத் தெரிந்திருந்தது. சிவப்புப் பக்கங்களைக் காட்டினால் போதும். ஆனால் காட்டினால், காலையில் மட்டும் ஏன் என்று கேட்பார்கள்.

மனைவி பிரிஜிட் காப்பியுடன் வந்தாள். நோட்டை எட்டிப் பார்த்தாள்.

“செவப்புல வேற எழுதறீங்களா? டாக்டருக்கே பரீட்ச வைக்கப் போறீங்க லா.”

“தேவப்பட்டா வைக்கத்தான் வேணும்.”

“உங்க பட்டாளம் இந்த மாதிரி ரிப்போட்டு ஒன்னாச்சும் பாத்திருக்குமா?”

அவர் காப்பியை வாங்கிக்கொண்டார்.

டாக்டர் திவ்யதர்ஷினிக்கு முப்பது வயது இருக்கும். முதலில் தையல் தழும்பைப் பார்த்தார். பிறகு நோட்டை வாங்கி ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். சிவப்பு வந்த பக்கத்தில் நின்றார்.

“இத யாரு எடுக்கச் சொன்னா அங்கிள்?”

“யாரும் சொல்லல. விழுந்தது நான்தான, நானே பாத்தேன். மூணாவது மாத்திர வேணாம் டாக்டர். ரெண்டாவதையும் நிறுத்தணும்னு நெனைக்கறேன்.”

பிரிஜிட் அவர் சட்டையை இழுத்தாள். டாக்டர் சிரிக்கவில்லை. விரலை விடியலில் எழுதிய நீல எண்களின் மேல் ஓட்டினார்.

“செவப்பு சரிதான் அங்கிள். ஆனா காலையில மட்டும் இவ்ளோ ஏறுது. காரணம் தெரியாம என்னால கொறைக்க முடியாது. அந்த நேரத்துல என்ன செய்வீங்க?”

“சும்மா உக்காந்திருப்பேன்.”

“சும்மா உக்காந்தா நூத்தி எழுபது வராது.”

“அந்தச் செம்பனையவே பாத்துக்கிட்டு இருப்பாரு டாக்டர்,” என்றாள் பிரிஜிட். “காவல் காக்கற மாதிரி. யாரு வரப்போறா அங்க?”

கிளீட்டஸ் தன் இடது மணிக்கட்டைப் பார்த்தார்.

“காளிதாஸ்,” என்றார்.

பிரிஜிட் திரும்பினாள். “பாம்பு கடிச்சுச் செத்துப்போன உங்க கூட்டாளியா?”

அவர் டாக்டரைப் பார்த்தே பேசினார். எழுபத்தேழாம் ஆண்டு. தாய்லாந்து எல்லைக் காடு. பதுங்கியிருக்கும்போது பேசக்கூடாது. அதனால் பக்கத்துப் பக்கத்து ஆட்களின் மணிக்கட்டுகளை ஒரு கயிற்றால் இணைத்திருப்பார்கள். ஒரு இழுப்பு என்றால் விழித்திருக்கிறேன். இரண்டு என்றால் ஆள் வருகிறது. விடியும்வரை இடத்தை விட்டு எழக்கூடாது.

“அவன் வெளையாட்டுக்காரன். தூங்க விடாம சும்மா சும்மா இழுப்பான். அன்னிக்கும் இழுத்தான். கணக்கே இல்லாம. நான் ஒரு தடவ இழுத்தேன். நிறுத்தல. சனியன்னு சொல்லிட்டு அவுத்தேன். அவுத்து ஒரு வேர்ல கட்டிட்டேன்.”

அவர் மணிக்கட்டைத் தடவிக்கொண்டார்.

“விடிஞ்சப்ப பாத்தேன். அவன் வெறச்சுக் கெடந்தான். கயிறு ஒரசி வேரோட தோலு உரிஞ்சு இருந்துச்சு. எவ்ளோ நேரம் இழுத்தானோ தெரியல. விசாரணையில கயிறு அசையவே இல்லன்னு சொன்னேன். அப்படித்தான் எழுதிக்கிட்டாங்க.”

டாக்டர் பேனாவைக் கீழே வைத்திருந்தார்.

“விடியற நேரத்துல இந்தப் பட்ட இறுகும்போது ஏறுது டாக்டர். நோட்டுல பொய் இல்ல.”

இரண்டாவது மாத்திரை பாதியானது. மூன்றாவது பற்றி யாரும் பேசவில்லை. விடியலில் கருவியைக் கட்ட வேண்டாம், ஒன்பது மணிக்கு, மேல்கையில் கட்டும் கருவியில் பார்க்கட்டும் என்றார் டாக்டர். இதைப் பேசுவதற்கு வேறொரு டாக்டர் இருக்கிறார், தேதி வாங்கித் தரவா என்று கேட்டார். வாங்குங்கள் என்றார் கிளீட்டஸ். எழுந்தவர் கதவருகே நின்றார்.

“இத குறிப்புல எழுதணுமா?”

“உங்க நோட்டு அங்கிள். நீங்கதான் சொல்லணும்.”

வீட்டு வாசலில் காரை விட்டு இறங்கும்போதுதான் பிரிஜிட் கேட்டாள்.

“வருஷா வருஷம் கிறிஸ்மஸ் கேக்கு எடுத்துக்கிட்டுப் போனேனே, அவங்க அம்மாவுக்கு. சாகறவரைக்கும். அதுக்குத் தெரியுமா?”

“இல்ல.”

அவள் சாவியை எடுத்துக் கதவைத் திறந்தாள். இரவுச் சாப்பாட்டைப் பரிமாறினாள். அவருடைய பழைய கருவியை எடுத்து அலமாரியில் வைத்துப் பூட்டினாள்.

மறுநாள் ஐந்தே முக்காலுக்கு அவர் பின்வாசலில் உட்கார்ந்திருந்தார். மடியில் நோட்டு. தேதி எழுதியிருந்தார். குறிப்புக் கட்டத்தில் ‘காளிதாஸ் இழுத்தான்’ என்று எழுதியிருந்தார். மணிக்கட்டு வெறுமையாக இருந்தது. கால்வாயில் தவளைச் சத்தம் நின்றுவிட்டது. மரங்கள் இன்னும் தனித்தனியாகத் தெரியவில்லை.

இடது மணிக்கட்டில் ஒரு இழுப்பு.

அவர் அசையவில்லை. மறுபடியும். பிறகு கணக்கில்லாமல்.

விடிய இன்னும் நேரமிருந்தது. கிளீட்டஸ் நோட்டை நாற்காலியில் வைத்துவிட்டு எழுந்தார். வேலிப் படலைத் திறந்தார். கால்வாய்ப் பலகையின் மேல் கால் வைத்தபோது, பின்னால் ஈரப் புல்லில் பிரிஜிட்டின் செருப்புச் சத்தம் கேட்டது. அவர் திரும்பவில்லை. இடது கையைச் சற்று முன்னே நீட்டியபடி, அது இழுக்கும் பக்கம் நடந்தார்.