நான்கு வரிகளில் மூன்று பேர்

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். எனக்கு ஜப்பான் மொழியில் ஒரு சொல்லும் தெரியாது. அப்படியிருந்தும் 1998ஆம் ஆண்டு, வெள்ளவத்தையில், பதினைந்து வயதில், ஒரு ஜப்பானியப் பேய்த்தொடரை வாரக்கணக்கில் தமிழில் பேசவைத்தவள் நான்தான். என் முதல் கதை அது. அச்சில் வந்ததெல்லாம் அதற்குப் பிறகு.

தொடரின் பெயர் தெரியாது. (தேடிப் பார்க்கலாமே என்பீர்கள். நான் தேடவில்லை. ஏன் என்று பின்னால் சொல்கிறேன். சொல்லாமல் நழுவினால் பிடித்துக்கொள்ளுங்கள்.)

2

தொடக்கம், முதல் வரைவு: "அன்று காலையிலிருந்தே மழை பெய்துகொண்டி—"

மழையே பெய்யவில்லை. பேய்க்கதை என்றவுடன் கை தன்பாட்டில் மழையைக் கொண்டுவந்துவிடுகிறது.

இரண்டாம் வரைவு: "சூனியக்காரி பள்ளிக்கூடச் சீருடையில் வந்தாள்." இது உண்மை, இருக்கட்டும்.

அவளைக் கொண்டுவந்தவர் ஒஸ்வால்ட் மாமா. கொட்டாஞ்சேனைக்காரர், துறைமுகத்தில் அப்பாவோடு வேலை செய்தவர். ஏதோ ஒரு கப்பலில் வந்த ஜப்பான்காரர் விட்டுவிட்டுப் போன மூன்று வீடியோ கசற்றுகளைப் பையில் போட்டுக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தார். "பாட்டுப் படமா இருக்கும், புள்ளைங்க பாக்கட்டும்" என்றார்.

ஜப்பானில் பதிந்த கசற் எங்கள் பெட்டியில் நிறமில்லாமல்தான் ஓடியது. படத்தின் குறுக்கே ஒரு கறுத்த பட்டை கீழிருந்து மேலே ஏறிக்கொண்டேயிருந்தது. இரத்தம் தார்போலக் கறுப்பாக வந்தது. இடையிடையே சவர்க்கார விளம்பரம், நூடில்ஸ் விளம்பரம். அந்தப் பெண்கள் சிரிப்பதும் எங்களுக்குப் பயமாக இருந்தது.

கதை இவ்வளவுதான்: தாடையளவுக்கு முடி வெட்டிய ஒரு மாணவி. கண் இமைப்பதில்லை. பள்ளிக்கூடம் விட்டபின் வெறும் வகுப்பறையில் தனியே இருந்து, வெள்ளைத் தாளில் தூரிகையால் ஏதோ எழுதுவாள். மறுநாள் வகுப்பில் யாரோ ஒருத்தி உட்காரும் கதிரை வெறுமையாக இருக்கும். யாரும் ஏனென்று கேட்கமாட்டார்கள்.

"என்னடி எழுதுறாள்?" என்று அக்கா கேட்டாள்.

3

அக்கா என்றால் பெரியம்மாவின் மகள். பத்தொன்பது வயது. யாழ்ப்பாணத்திலிருந்து வவுனியா வழியாக வந்து, கனடாவிலிருக்கும் அண்ணனிடம் போவதற்காக எங்கள் வீட்டில் காத்திருந்தாள். அவளுக்கு ஒரு பெயர் உண்டு. நான் அதை எழுதவில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள்.

[முந்தைய வரைவில் அவளுக்கு ஒரு பொய்ப்பெயர் வைத்திருந்தேன். மறுநாள் கோப்பைத் திறந்தபோது அந்தப் பெயர் இருந்த இடமெல்லாம் வெறுமையாக இருந்தது. நான்தான் அழித்திருப்பேன். அழித்த நினைவு இல்லை.]

"பேர் எழுதுறாள்" என்றேன். "ஆரின்ரை பேரை எழுதுறாளோ அவை அடுத்த நாள் இல்லாமல் போயிடுவினம்."

யோசித்துச் சொல்லவில்லை. வாயில் வந்தது, சொன்னேன். அக்கா திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. பிறகு, "வவுனியாவிலை எங்களை வைச்சிருந்த முகாமிலையும் இப்பிடித்தான். காலமை பேர் எழுதுவாங்கள். பின்னேரம் ஒருத்தன் வந்து வாசிப்பான். வாசிச்ச ஆக்களிலை ரெண்டு பெட்டையள் திரும்பி வரேல்லை" என்றாள்.

ஒரு நல்ல பிள்ளை அந்த இடத்தில் "சும்மா சொன்னனான் அக்கா" என்று முடித்திருப்பாள். நான் முடிக்கவில்லை. எனக்குப் பெருமையாக இருந்தது. நான் சொன்னதை ஒருவர் அப்படி நம்பியது அதுதான் முதல் தடவை. அன்றிலிருந்து சூனியக்காரிக்கு அடித்தொண்டையில் ஒரு குரல் வைத்தேன், சட்டதிட்டங்கள் வைத்தேன். எழுதிய பெயரை அழிக்க முடியாது. எழுதாத பெயரை அவளால் தொட முடியாது.

ஒருநாள் நான் வாய் திறக்குமுன் அக்கா சொன்னாள்: "இப்ப எங்களைப் பாப்பாள்."

கறுத்த பட்டை முகத்தைத் தாண்டி ஏறியது. அந்தப் பெண் தாளிலிருந்து தலையைத் தூக்கி நேரே எங்கள் ஹோலுக்குள் பார்த்தாள். அது நாங்கள் அதுவரை போட்டுப் பார்க்காத இரண்டாவது கசற்.

4

இனி வருவது படிவம் பற்றியது. சுவாரசியம் குறைவு, பொறுத்துக்கொள்ளுங்கள். கதையின் பேய் இங்கேதான் இருக்கிறது.

அந்தக் காலத்தில் கொழும்பில் தமிழ் வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று பொலிசில் பதிந்து, முத்திரை குத்திய பிரதியை வீட்டில் வைத்திருக்கவேண்டும். அக்கா வந்தவுடன் அப்பாவே கூட்டிக்கொண்டுபோய் ஒரு மாதத்துக்குப் பதிந்தார். மாதம் முடிய, வீட்டிலுள்ள எல்லாரையும் சேர்த்துப் புதுப் படிவம் கேட்டார்கள். படிவம் சிங்களத்தில். அப்பாவுக்குச் சிங்களம் கதைக்க வரும், வாசிக்க வராது. அம்மாவுக்கு இரண்டும் இல்லை. எங்கள் வீட்டில் அரசாங்கக் காகிதம் எது வந்தாலும் நிரப்புவது பள்ளிக்கூடத்தில் சிங்களம் படித்த நான்தான்.

"என்ரை பேரை எழுதாதையடி" என்று அக்கா குசினிக்குள் அடுப்பருகே வைத்து என் கையைப் பிடித்தாள். "உனக்குத் தெரியும்தானே."

எனக்குத் தெரியும்தான், நான் சொன்ன கதைதானே. பொய் என்று சொல்ல அது இரண்டாவது சந்தர்ப்பம்.

அப்பாவின் முழுப்பெயர் பொன்னம்பலம் ஸ்ரீஸ்கந்தராசா. சிங்கள எழுத்தில் விரித்தால் எந்தக் கட்டத்துக்குள்ளும் அடங்காது. வழக்கமாக நுணுக்கி எழுதுவேன். அன்று பெரிதாக எழுதினேன். முதல் வரியில் பொன்னம்பலம், இரண்டாவது வரியில் ஸ்ரீஸ்கந்தராசா, மூன்றாவதில் அம்மா, நான்காவதில் நான்.

அப்பா விரலால் தட்டித் தட்டி வரிகளை எண்ணினார். "நாலு பேர். சரி" என்று மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். பொலிசில் அதை யாரும் வாசித்துப் பார்த்ததாகத் தெரியவில்லை. முத்திரை குத்தித் திருப்பித் தந்தார்கள்.

5

சனிக்கிழமை, பின்னேரம் மூன்று மணி, நல்ல வெய்யில். அப்பா இன்னும் வேலையால் வரவில்லை. நாங்கள் மூன்றாவது கசற்றைப் பார்த்துக்கொண்டிருந்தோம். எங்கள் ஒழுங்கை சின்னச் சந்து; அதன் இரண்டு பக்கத்தையும் மறித்துவிட்டுப் பொலிசார் வீடு வீடாகச் சோதிக்க வந்தார்கள்.

எங்கள் ஹோலுக்குள் வந்த பொலிஸ் அதிகாரி முதலில் தொலைக்காட்சியைத்தான் பார்த்தார். "ஜப்பானா?" என்று கேட்டார். தலையாட்டினேன். பிரதியை வாங்கி வாசித்தார். அக்காவின் அடையாள அட்டையை வாங்கிப் பார்த்தார். திரும்பவும் பிரதியை மேலிருந்து கீழே வாசித்தார்.

"மேக்கே நம நே, நங்கி" என்றார் என்னிடம். இதில் பெயர் இல்லையே, தங்கச்சி. அதட்டவில்லை. அதட்டியிருந்தால் ஒருவேளை நான் அழுது உண்மையைக் கக்கியிருப்பேன்.

"என்னவாம்?" என்று அம்மா கேட்டார்.

'நான்தான் எழுதாமல் விட்டேன்' என்று அந்த அதிகாரியிடம் சொல்ல எனக்கு நான்கைந்து சிங்களச் சொற்கள் போதும். எல்லாம் தெரியும். பரீட்சையில் எழுதியிருக்கிறேன்.

"சும்மா விசாரிச்சிட்டு விட்டிடுவினமாம்" என்று அம்மாவுக்கு மொழிபெயர்த்தேன்.

அக்கா செருப்பைப் போட்டுக்கொண்டாள். வாசலில் என் காதோரம் குனிந்து, "எழுதேல்லைத்தானே?" என்றாள்.

"இல்லை அக்கா."

"அப்ப திரும்பி வந்திடுவன்."

அவள் முகம் தெளிந்திருந்தது. அவ்வளவு நிம்மதியோடு யாரும் ஜீப்பில் ஏறி நான் பார்த்ததில்லை. எனக்குப் பின்னால் தொலைக்காட்சி ஓடிக்கொண்டேயிருந்தது. சூனியக்காரி ஏதோ சொன்னாள். அதைத் தமிழில் சொல்ல யாரும் இல்லை.

6

அப்பா அந்தப் பிரதியோடு ஏறாத படியில்லை. எல்லா இடத்திலும் ஒரே பதில்: இதில் அப்படி ஒரு பெயர் இல்லை, அப்படி ஒருவரை நாங்கள் கொண்டுவரவுமில்லை. "நாலு பேர் எண்ணிக் குடுத்தனான்" என்று சொல்லிச் சொல்லி ஓய்ந்தார். சில மாதம் கழித்து ஒருநாள் பிரதியை மேசையில் விரித்துவைத்து, முதலிரண்டு வரிகளில் விரலை வைத்தபடி என்னைப் பார்த்தார். யாரோ வாசித்துக் காட்டியிருக்கவேண்டும். அதன்பிறகு எந்தப் படிவத்தையும் அவர் என்னிடம் தரவில்லை. இறக்கும்வரை தரவில்லை, அம்மாவிடம் சொல்லவுமில்லை.

அதே சனிக்கிழமை பக்கத்து வீட்டு இரத்தினசிங்கத்தையும் கொண்டுபோனார்கள். அவருடைய பெயர் பதிவில் ஒழுங்காக இருந்தது. மூன்றாம் நாள் விட்டுவிட்டார்கள். ஆகவே நான் எழுதியிருந்தால்

(இந்த வாக்கியத்தை இருபத்தைந்து வருடமாக முடிக்க முயல்கிறேன். பெயர் பதிந்திருந்தும் போனவர்கள் எத்தனையோ பேர் என்று நண்பர்கள் தேற்றுகிறார்கள். அதுவும் உண்மைதான். எனக்கு அது உதவவில்லை.)

அக்கா போன அடுத்த வாரம் முதல் கசற்றைத் தனியே போட்டுப் பார்த்தேன். வகுப்பறைக் காட்சியில் முன்பு ஒரு கதிரைதான் வெறுமை. அன்று இரண்டு இருந்தன. முன்பு நான் சரியாக எண்ணாமல் விட்டிருக்கலாம். கசற்றுகளை ஒஸ்வால்ட் மாமாவிடம் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

இங்கே ஒரு பத்தி இருந்தது. அண்மையில் அந்தத் தொடரைத் தமிழ் தெரிந்த ஒரு ஜப்பானியரோடு இருந்து பார்த்ததாகவும், அந்தப் பெண் எழுதியவை அவள் காப்பாற்ற நினைத்தவர்களின் பெயர்கள் என்றும், எழுதாமல் விட்டவர்களைத்தான் பேய் கொண்டுபோனது என்றும். வாசித்த தோழி றமீலா, "சூப்பர் முடிவு" என்றாள். அழித்துவிட்டேன். அப்படி எவரையும் நான் சந்திக்கவில்லை. சும்மா கட்டியது. தொடரைத் தேடாததற்குக் காரணமும் அதுதான்: கட்டியது உண்மையாக இருந்துவிட்டால்?

வேறு முடிவுகளும் எழுதிப் பார்த்தேன். கனடாவில் ஒரு பெண் வேறு பெயரில் வாழ்கிறாள், நம்ப ஆசை. அந்த அதிகாரி கிழவராகி என்னைத் தேடி வருகிறார், இது சினிமா. தாடையளவுக்கு முடி வெட்டிய ஒருத்தி ஒரு பின்னேரம் எங்கள் கதவைத் தட்டி, "நீ எழுதேல்லைத்தானே?" என்று கேட்கிறாள், இதை எழுதியபின் இரண்டு வாரம் நான் கதவு திறக்கவில்லை.

7

அம்மாவுக்கு இப்போது எழுபத்தெட்டு. இன்னும் வெள்ளவத்தைதான், ஐந்தாம் மாடி. கண் பார்வை போய்விட்டது. என் கதைகளை அனுப்புமுன் அவருக்கு வாசித்துக் காட்டுவேன். "இழுக்கிறாய்" என்பார். பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் யாழ்ப்பாணத்திலிருந்து பெரியம்மா தொலைபேசி எடுப்பார். பேச்சு எங்கே தொடங்கினாலும் மகள் போன சனிக்கிழமையில்தான் வந்து நிற்கும். அம்மா ஒவ்வொரு தடவையும், "நாங்கள் ஒழுங்காப் பதிஞ்சனாங்கள், அக்கா. அவங்கள்தான் பேப்பரை மாத்திப்போட்டாங்கள். என்ரை பிள்ளைதானே எழுதினவள்" என்பார். அந்தக் கடைசி வசனம் சத்தியம் செய்வதுபோல் வரும். பெரியம்மா அந்தச் சத்தியத்தைப் பிடித்துக்கொண்டுதான் இத்தனை காலமும் எங்களோடு கதைக்கிறார்.

சற்றுமுன் அம்மா கேட்டார்: "கதை முடிஞ்சுதோ? வாசியன்."

வாசிக்கத் தொடங்கிவிட்டேன். ஒஸ்வால்ட் மாமா வந்த இடத்தில் சிரித்தார். அக்காவின் முகாம் கதை வந்தபோது சேலைத்தலைப்பால் முகத்தைத் துடைத்தார். இப்போது நான்காம் பகுதியில் நிற்கிறேன்.

அம்மாவுக்குத் தாள் தெரியாது. என் வாயால் வருவதுதான் அவருக்குக் கதை. இன்னொரு தடவை நான் மொழிபெயர்ப்பாளராக இருக்கிறேன். அச்சில் என்ன இருக்கிறது என்பது உங்கள் ஒருவருக்குத்தான் தெரியும். அதனால் அவருக்கு நான் எதை வாசித்தேன் என்பதை நீங்களே தீர்மானியுங்கள். எனக்கு அந்தத் துணிவு முன்பும் இருந்ததில்லை.

"ஏன் நிப்பாட்டினனீ?" என்கிறார் அம்மா. "படிவத்திலை ஆர் ஆரின்ரை பேர் எழுதினனீ, வாசி."

முதலாம் வரி: பொன்னம்பலம்.
இரண்டாம் வரி: ஸ்ரீஸ்கந்தராசா.
மூன்றாம் வரி: சரோஜினிதேவி.
நான்காம் வரி: