முகம் மறைத்த படம்

காவல் நிலையத்தில் அவருக்கு ‘வெண்கலம்’ என்று பட்டப்பெயர். குரல் அப்படி. முன்னறையில் அவர் சாதாரணமாகப் பேசினாலே பின்பக்கம் வண்டி கழுவிக்கொண்டிருப்பவருக்குக் கேட்கும். அந்தக் குரலுக்காகத்தான் அவரைப் புகார் மேசையில் உட்கார வைத்தார்கள். வாய்ச்சண்டையோடு உள்ளே வருகிற கூட்டத்தை ஒரு அதட்டலில் உட்கார வைப்பார், அடுத்த வார்த்தையில் சிரிக்க வைப்பார். காவல் வேலைக்கு வராமல் இருந்திருந்தால் மேடையேறியிருப்பார் என்று சக காவலர்கள் சொல்வதுண்டு. அவருக்கும் அந்த நினைப்பு உண்டு.

நிலையத்தைப் புதுப்பித்தபோது மேசையும் மாறியது. வாசலில் போன் நம்பரைக் கேட்டு வாங்கி டோக்கன் கொடுக்கும் இயந்திரம். மேசைக்கு மேலே கேமரா, கேமராவோடு ஒரு மைக். புகாரைக் கணினியில் ஏற்றியதும், கொடுத்தவருடைய போனுக்குக் குறுஞ்செய்தி போய்விடும். டோக்கன் எடுத்த எல்லோரையும் மறுநாள் ஒரு பதிவுசெய்த குரல் கூப்பிட்டு, காவலர் உங்களை எப்படி நடத்தினார், ஒன்றிலிருந்து ஐந்துக்குள் ஒரு எண்ணை அழுத்துங்கள் என்று கேட்கும். காணாமல் போனவரின் போட்டோவை ஏற்றினால் ரோந்து வண்டிகள் எல்லாவற்றிலும் அந்த முகம் தெரியும். பஸ் நிலையத்துக் கேமராக்களும் அந்த முகத்தைத் தேட ஆரம்பிக்கும்.

மற்ற மூத்த காவலர்கள் இந்த வயதில் இதெல்லாம் எதற்கு என்று முணுமுணுத்தார்கள். வெண்கலம் முணுமுணுக்கவில்லை. மகளைப் பக்கத்தில் உட்கார வைத்துத் தட்டச்சு கற்றுக்கொண்டார். கொஞ்ச நாளில் அவருடைய மேசையில்தான் மக்கள் காத்திருக்கும் நேரம் எல்லா நிலையங்களையும்விடக் குறைவு என்று திரையில் வந்தது. ஐந்து அழுத்தியவர்களும் அங்கேதான் அதிகம். மேலதிகாரிகள் கூட்டத்தில் அவரை எழுந்து நிற்கச் சொல்லிக் கை தட்டினார்கள்.

நேரம் குறைந்ததற்கு ஒரு சூட்சுமம் இருந்தது. வருகிற எல்லாவற்றையும் அவர் கணினியில் ஏற்றுவதில்லை. பக்கத்து வீட்டு நாய், அண்ணன் தம்பி வாக்குவாதம், வீட்டுக்கு வராத புருஷன் என்று வந்தால் இரண்டு வார்த்தை பேசி, ஒரு கிண்டல் அடித்து, வழியனுப்பிவிட்டு டோக்கனை முடித்துவிடுவார். “எல்லாத்தையும் ஏத்திக்கிட்டு இருந்தா நாடு தாங்குமா? பேசியே தீர்த்துடணும்” என்பார். அது தன் திறமை என்றே நம்பினார்.

அதே வருஷம் மகளும் காவல் பணிக்குத் தேர்வாகிப் பயிற்சிப் பள்ளியில் சேர்ந்தாள். அவருக்குத் தலைகால் புரியவில்லை. டீக்கடையில் நிற்கிற முன்பின் தெரியாதவர்களிடம்கூடச் சொன்னார்.

ஒரு விடுமுறைக்கு வந்தவள், ஷூவைக் கழற்றிப் போட்டுவிட்டு யாரிடமும் பேசாமல் அறைக்குள் போனாள். சாப்பிடக் கூப்பிட்டதும் வந்து உட்கார்ந்து தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“என்னடி, அங்க திட்டு வாங்கினியா?” என்றாள் அம்மா.

“இல்லம்மா. பாராட்டு வாங்கினேன்.”

“அதுக்கா மூஞ்சிய இப்படித் தொங்கப் போட்டிருக்கே?”

மகள் தட்டைத் தள்ளி வைத்தாள். பேச்சு அம்மாவிடம் இல்லை, அப்பாவிடம் என்பது அவள் திரும்பிய விதத்திலேயே தெரிந்தது.

“க்ளாஸ்ல ஒரு வீடியோ போட்டாங்கப்பா. பொதுமக்கள்கிட்ட எப்படிப் பேசக் கூடாதுன்னு காட்டறதுக்கு. முகத்தையெல்லாம் மறைச்சிருந்தாங்க.” அப்பாவை நேராகப் பார்த்தாள். “குரல அப்படியே விட்டுட்டாங்க.”

எந்த நாள், யாரிடம், என்ன பேசினோம் என்று வெண்கலத்தின் மனசு துழாவியது. ஒன்றும் அகப்படவில்லை. எதுவாகவும் இருக்கலாம் என்றுதான் தோன்றியது.

“முதல்ல எல்லாரும் சிரிச்சாங்க” என்றாள் மகள். “நானும்தான் சிரிச்சேன். எங்கப்பா மாதிரியே பேசறாரேன்னு நினைச்சேன். அந்த நினைப்பு முடியறதுக்குள்ள தெரிஞ்சுபோச்சு. அந்த நேரம் பார்த்து வாத்தியார் என்னையே எழுப்பி, இதுல என்ன தப்புன்னு கேட்டார்.”

“நீ என்ன சொன்னே?”

“பட்டதச் சொன்னேன். அந்தம்மா உதவி கேட்டு நிக்கறாங்க, இவர் பெஞ்சுல இருக்கறவங்க சிரிக்கறாங்களான்னு பார்க்கறாருன்னேன். சரியாச் சொன்னேன்னு எல்லாரையும் கை தட்டச் சொன்னார்.”

“எங்கப்பான்னு சொன்னியா?”

“சொல்லல.” அவள் கண் கலங்கிவிட்டது. “உங்க பொண்ணுன்னு சொல்றதுக்கு வெக்கப்பட்டு நின்னேன்ப்பா. அப்படி நின்னோமேன்னும் வெக்கமா இருக்கு. ரெண்டையும் என்ன பண்றதுன்னு தெரியல.”

அம்மா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு பாத்திரங்களை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் காலை முதல் வேலையாக ஆய்வாளரின் அறைக்குப் போனார். ஆய்வாளர் அவரைவிட வயதில் சிறியவர், அதிகம் பேசாத பெண்மணி.

“மேடம், பயிற்சிப் பள்ளியில காட்டற வீடியோவ நான் பார்க்கணும்.”

ஆய்வாளர் அவரை ஏறிட்டுப் பார்த்தார். “விசாரணை முடிஞ்சதும் நானே சொல்லலாம்னு இருந்தேன். உக்காருங்க” என்று கணினியை அவர் பக்கம் திருப்பினார்.

இங்கே வைத்திருந்தது முகம் மறைக்காத மூலப் பதிவு. சேலைக்கு மேல், சலவைக் கடையின் பெயர் பொறித்த நீலச் சட்டை போட்ட ஒரு பெண், மேசை விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். தம்பி காலையில் போனவன் வரவில்லை என்கிறாள். அவனுக்கு விவரம் பத்தாது, பஸ்ஸைக் கண்டால் ஏறிவிடுவான் என்கிறாள். போனில் இருக்கும் அவன் போட்டோவை நீட்டுகிறாள். திரையில் இருக்கிற வெண்கலம் அதை வாங்கவில்லை.

“என்ன வயசும்மா உன் தம்பிக்கு?”

“முப்பது தாண்டிருச்சுங்க.”

“முப்பது வயசு ஆம்பளைய இடுப்புல தூக்கி வெச்சுக்கணும்னு நினைச்சா எப்படி? களவு போறதுக்கு உன் தம்பி என்ன தங்கமா, வெள்ளியா?” சொல்லிவிட்டுத் திரை வெண்கலம் பெஞ்சுப் பக்கம் பார்க்கிறார். பெஞ்சில் சிரிப்பு எழுகிறது. “போய் வீட்டுல இரு. பசிச்சா தானா வருவான்.”

அந்தப் பெண்ணும் சிரிக்கிறாள். பெஞ்சு சிரித்து ஓய்ந்த பிறகும், உதடு நடுங்க, அவள் மட்டும் கொஞ்ச நேரம் சிரித்துக்கொண்டே நிற்கிறாள். பிறகு நீட்டிய போனைத் திரும்ப எடுத்துக்கொண்டு, “சரிங்க சார்” என்று கும்பிட்டுவிட்டுப் போகிறாள்.

அந்த முகத்தை எங்கே பார்த்தோம் என்று வெண்கலம் நினைவைக் கசக்கிப் பார்த்தார். வரவில்லை. ஒரு மனுஷியை அப்படி அனுப்பியிருக்கிறோம், அது ஞாபகத்தில்கூடத் தங்கவில்லை என்பது அவரைக் கூனிக் குறுக வைத்தது.

“மறுநாள் அடுத்த ஸ்டேஷனுக்குப் போயிருக்காங்க” என்றார் ஆய்வாளர். “அங்க போட்டோவ ஏத்தியிருக்காங்க. ஒரு மணி நேரத்துல, கடைசி ஸ்டாப்புல அவர் இறங்கறது கேமராவுல கிடைச்சிருச்சு. டெப்போவுக்குப் பின்னால குழாய்க்குத் தோண்டின பள்ளத்துல கால் உடைஞ்சு கிடந்திருக்கார். ராத்திரி முழுக்க மழை. நேத்தே அங்க சொன்னேனேன்னு அந்தம்மா அழுதிருக்காங்க. அப்பறம்தான் நம்ம பதிவ எடுத்துப் பார்த்தாங்க.”

“அவங்க புகார் எதுவும் பண்ணலையா மேடம்?”

“இல்ல. கருத்து கேக்கற போனுக்கு அஞ்சு அழுத்தியிருக்காங்க.”

ஐந்து என்றதும் ஒரு கணம் அவருக்குள் பழைய சந்தோஷம் எட்டிப் பார்த்தது. அது அவருக்கே தெரிந்தது.

அன்று மாலை சீருடையை மாற்றிக்கொண்டு சலவைக் கடையைத் தேடிப் போனார். நீளமான கடை. ஒரு பக்கம் துவைக்கும் இயந்திரங்கள் உருண்டுகொண்டிருந்தன. உள்ளே துண்டுக் குவியலுக்கு நடுவே, காலில் மாவுக்கட்டோடு ஒருவன் உட்கார்ந்து மடித்துக்கொண்டிருந்தான். அக்கா இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள்.

“அம்மா, கொஞ்சம் பேசணும்” என்றார்.

முகத்தைப் பார்க்கும் முன்பே குரலை அடையாளம் கண்டுகொண்டாள். இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, முந்தானையால் ஒரு நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். “உக்காருங்க சார். நான் யாருகிட்டயும் எதுவும் எழுதிக் குடுக்கல சார்.”

“தெரியும்மா. நான் மன்னிப்புக் கேக்க வந்தேன்.”

“ஐயோ, என்னங்க சார் நீங்க. தமாஷாத்தானே சொன்னீங்க. நாங்களும்தான் இவன எவ்வளவு பேசறோம். இவனும் பல தடவை தானா வந்திருக்கான்.” அவரைத் தேற்றுவதுபோல் சொல்லிக்கொண்டே போனாள். அவள் ஒரு வசவு வைதிருந்தால் வாங்கிக்கொண்டு போயிருக்கலாம் என்று அவருக்கு இருந்தது.

“போன்ல அஞ்சு எதுக்கும்மா அழுத்தினீங்க?”

“உங்க ஆளுங்கதானே சார் கேக்கறாங்க. நம்பர் அவங்ககிட்ட இருக்கே.”

எழப் போனவரை அவள் தயங்கித் தயங்கி நிறுத்தினாள்.

“சார், ஒண்ணு கேட்டா தப்பா நினைக்க மாட்டீங்களே. அன்னிக்கு ஸ்டேஷன்ல எடுத்த படத்தக் காட்டலாமான்னு போன்ல கேட்டாங்க, சரின்னுட்டேன்; இப்ப போலீஸுக்குப் படிக்கிற பிள்ளைங்களுக்கெல்லாம் காட்டறாங்களாம். எங்க தெருவுல ஒரு பையன் அங்க படிக்கிறான், அவன் சொன்னான். முகம் தெரியலன்னாலும் சட்டையப் பார்த்துக் கண்டுபிடிச்சுட்டான். நான் சிரிக்கிறது அதுல இருக்காமே.” அவள் குரல் இறங்கியது. “தம்பியக் காணோம்னு போன எடத்துல நின்னு சிரிச்சிருக்கேன் சார். பார்க்கறவங்க என்ன நினைப்பாங்க. அது மட்டும் இல்லாமப் பண்ண முடியுமா?”

“பண்றேம்மா” என்றார்.

பயிற்சிப் பள்ளியில் அது அவ்வளவு சுலபமாக இல்லை. பயிற்சி அதிகாரி அவரை மரியாதையாகத்தான் உட்கார வைத்துப் பேசினார்.

“அந்தச் சிரிப்புதாங்க பாடமே. பயந்தவங்க சிரிப்பாங்கன்னு இந்தப் பசங்களுக்குத் தெரியணும். அந்தம்மாகிட்ட போன்ல அனுமதியும் வாங்கியிருக்கோம்.”

“அனுமதி கேட்டா குடுக்கத்தான் செய்வாங்க சார். எனக்கே அஞ்சு போட்டவங்க.”

“சரி, அவங்கள முழுசா மறைச்சுட்டா படத்துல என்ன மிஞ்சும்? யாரோ ஒருத்தர் யாரையோ பேசற மாதிரி இருக்கும்.”

“என் முகத்தத் திறந்து விட்டுடுங்க. அவங்க உருவம், குரல் எதுவும் வேண்டாம். நான் பேசறதும், பேசிட்டு பெஞ்சப் பார்க்கறதும் போதும்.”

“யோசிச்சுத்தான் சொல்றீங்களா? வருஷா வருஷம் காட்டுவோம்.”

“என் பொண்ணு இங்கதான் சார் படிக்குது” என்றார் வெண்கலம். “அத ஒரு வார்த்தை கேட்டுட்டு எழுதிக் குடுக்கறேன்.”

மகளை மைதானத்து ஓரத்துக்கு வரச் சொன்னார்கள். வேர்த்து விறுவிறுத்து ஓடி வந்தவள், அப்பாவைக் கண்டதும் நடையைக் குறைத்துக்கொண்டாள். அவர் விஷயத்தைச் சொல்லி முடிக்கும்வரை மண்ணைப் பார்த்தபடி நின்றாள்.

“எல்லாருக்கும் தெரிஞ்சுடும்மா. உன்னப் பார்க்கும்போதெல்லாம் என்னத்தான் நினைப்பாங்க. வேண்டாம்னா சொல்லு, வேற வழி பார்க்கறேன்.”

“வேற வழி இருக்காப்பா?”

“இல்ல.”

“அப்பறம் எதுக்குக் கேக்கறீங்க?” அவள் நிமிர்ந்தாள். “போடச் சொல்லுங்க. நானே முன்னாடி சொல்லிடறேன், எங்கப்பான்னு. யாரோ சொல்லித் தெரியறதவிட அது பரவாயில்ல.”

அவளைத் தொடுவதா வேண்டாமா என்று தெரியாமல் அவர் கை பாதியில் நின்றது. விசில் ஊதினார்கள். அவள் திரும்பி ஓடினாள்.

படம் மாறியது. கொஞ்ச நாளில் தண்டனையும் வந்தது. மேசையிலிருந்து எடுத்து, பறிமுதல் வண்டிகள் நிற்கும் பின்பக்கத்துக்கு அவரைக் காவல் போட்டார்கள். நிலையத்தில் யாரும் அவரைப் பட்டப்பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. வாய்க்கு வந்தாலும் விழுங்கிவிடுகிறார்கள். மேசையில் இப்போது ஒரு இளம்பெண் உட்காருகிறாள். வருகிற ஒவ்வொருவரையும் உட்கார வைத்து, கேட்டதையெல்லாம் ஏற்றுகிறாள். கூட்டம் சில நாள் வாசற்படிவரை நிற்கிறது, திரையில் அந்த நிலையம் அடியில் கிடக்கிறது. ஆய்வாளர் அதற்காக அவளைக் கடிந்துகொள்வதில்லை.

படம் மாறிய செய்தியைச் சொல்ல அவர் மறுபடி சலவைக் கடைக்குப் போனார். அன்று கூட்டம் இருந்தது. வரிசையில் கடைசியில் நின்று, தன் முறை வந்ததும் மெல்லிய குரலில் சொன்னார்.

“இப்ப அதுல நீங்க இல்லம்மா. நானே பார்த்துட்டேன்.”

“நல்லதுங்க சார்.” அவள் முகம் தெளிந்தது. உடனே வேறொரு கவலை வந்து உட்கார்ந்தது. “இதால உங்க வேலைக்கு ஒண்ணும் ஆகலையே?”

“ஒண்ணும் ஆகலம்மா.”

“அப்பாடா” என்றாள். உண்மையிலேயே நிம்மதியாகத்தான் சொன்னாள். அவருக்குப் பின்னால் நின்றவர் துணி மூட்டையை மேசையில் வைத்தார். அவர் ஒதுங்கி வழிவிட்டு வெளியே வந்தார்.