தலைமை தாங்கிய எடை இயந்திரம்

நயா பைசா புழக்கத்துக்கு வந்த 1957ஆம் ஆண்டில், விழுப்புரம் ரயில் சந்திப்பில் இருந்த எடை பார்க்கும் இயந்திரம் சந்தேகப்படத் தொடங்கியது. அதுவரை காசு போட்டால் ஒரு பக்கம் எடையும் மறுபக்கம் பலனும் அச்சிட்ட சீட்டைத் தள்ளிக்கொண்டிருந்த இயந்திரம்தான். வேர்க்கடலை மூட்டையோடு வந்த வளவனூர் மல்லாட்டை வியாபாரி ஒருவர் ஏறி நின்றபோது, "நிற்பது நீதான் என்று உனக்கு எப்படித் தெரியும்?" என்று சீட்டு வந்தது. காணையிலிருந்து பிரசவத்துக்குத் தாய்வீடு போய்க்கொண்டிருந்த பாஞ்சாலிக்கு, "நிற்பது இருவர். யாருடைய எடை வேண்டும்?" என்று வந்தது. அவளுக்கு அது நியாயமான கேள்வியாகவே பட்டது. முதலில் புகார் செய்த பயணிகள் பிறகு பழகிக்கொண்டார்கள். புதுக் காசு ஒத்துக்கொள்ளவில்லை என்பது பொதுவான அபிப்பிராயம். எடை சொல்லாத எடை இயந்திரத்தால் பிழைப்பு நடக்காது என்று அதன் குத்தகைதாரர் விற்கப் பார்த்தார். திண்டிவனம் ரைஸ்மில் முதலாளி விருத்தாசலம் வாங்கினார். அவர் அந்த ஊர் அறிவு வளர்ச்சிக் கழகத்தின் செயலாளரும்கூட.

அவர் வாங்கியதற்குக் காரணம் சீனுவாசன். திண்டிவனத்தில் ஒரு கல்லூரியில் தர்க்கம் கற்பித்த சீனுவாசனின் வகுப்பில் கடைசி பெஞ்சைத் தவிர மற்றவை காலியாக இருந்தன. அந்த வகுப்பை மூடிவிட்டு வணிகவியல் தொடங்க நிர்வாகம் நாள் பார்த்துக்கொண்டிருந்தது. மூடினால் அவருக்கு வேலை இல்லை. தர்க்கத்தின் அருமையை ஊருக்குக் காட்டினால் பிள்ளைகள் சேருவார்கள் என்று நம்பி, அவர் கழகத்தில் மாதந்தோறும் பேசினார். கிளியனூர் வெல்லம் காய்ச்சும் கொட்டகைப் புகையைக் காட்டி நெருப்பை நிரூபித்தார், கூட்டம் வரவில்லை. வெளிநாட்டில் மின்மூளை செய்திருக்கிறார்கள் என்று பத்திரிகைகள் எழுதிய சமயம், 'இயந்திரம் சிந்திக்குமா?' என்று தலைப்பு வைத்தார். மறுக்கப்பட வேண்டிய பொருள் மேடையிலேயே இருந்தால் நல்லது என்று விருத்தாசலம் இயந்திரத்தை ரயிலில் ஏற்றிக் கொண்டுவந்தார். அன்றைக்கு மண்டபத்தில் உட்கார இடமில்லை.

தலைமை தாங்க வேண்டிய விழுப்புரத்து வக்கீல் மட்டும் வந்து சேரவில்லை. தலைவர் இல்லாமல் கூட்டம் தொடங்கும் வழக்கம் இல்லை. மணி ஆக ஆக ஜனங்கள் சத்தம் போட்டார்கள். "இன்னா சார் பேஜாரு! மேடை மேல சும்மாதானே நிக்குது, அதையே தலைவரா போட்டுட்டா போச்சு" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. விருத்தாசலம் பாதி விளையாட்டாக முன்மொழிந்தார், நாலைந்து பேர் வழிமொழிந்தார்கள், இயந்திரத்தின் கழுத்தில், அதாவது முள் இருந்த வட்டத்துக்குக் கீழே, மாலை விழுந்தது. சீனுவாசன் ஆட்சேபிக்க எழுந்தார். ஆட்சேபத்தைத் தலைவரிடம்தான் தெரிவிக்க வேண்டும் என்பது எழுந்த பிறகுதான் நினைவுக்கு வந்தது. எல்லாரும் காத்திருந்தார்கள். இருபது வருஷ மேடைப் பழக்கம் அவர் வாயைத் திறந்தது: "பெருமதிப்பிற்குரிய தலைவர் அவர்களே!"

இயந்திரத்துக்கு மனம் இல்லை என்று நிரூபிக்க வந்தவர் அதையே விளித்துப் பேச வேண்டியதாயிற்று. ஆனாலும் வாதம் கச்சிதமாகவே இருந்தது. சிந்திப்பவை எல்லாம் சந்தேகப்படும், இயந்திரம் சந்தேகப்படாது, ஆகவே இயந்திரம் சிந்திக்காது. கைதட்டல் அடங்குவதற்குள், யாரும் காசு போடாமலே சீட்டு ஒன்று விழுந்தது. விருத்தாசலம் எடுத்து உரக்க வாசித்தார்: "இரண்டாவது வாக்கியத்தில் எனக்குச் சந்தேகம்."

அந்த ஜூன் மாதம் தர்க்க வகுப்பில் பெஞ்சு போதவில்லை. பிள்ளைகள் சேர்ந்தது தலைவரின் கீழ் படிக்கத்தான், சீனுவாசனுக்காக அல்ல என்பது அவருக்கும் தெரியும். இயந்திரம் வகுப்பறைக்குக் குடிவந்தது. அவர் பாடம் நடத்துவார், அது சந்தேகப்படும், மாணவர்கள் இருவர் சொல்வதையும் குறிப்பெடுப்பார்கள். ஏழு வருஷம் இப்படிப் போயிற்று. அது சிந்திப்பதில்லை என்ற கருத்தை மட்டும் அவர் மாற்றிக்கொள்ளவில்லை. மரியாதை கருதி அதை வீட்டில் மட்டும் சொல்லிவந்தார்.

1964இல் வணிகவியல் பேச்சு மறுபடி கிளம்பி, வகுப்பைப் பார்வையிட ஒரு குழு வருவதாகத் தகவல் வந்தது. முதல்நாள் சோறு போடும்போது அவர் மனைவி லட்சுமியம்மாள் சொன்னாள்: "என்னாங்க, அது யோசிக்குதோ இல்லியோ, நாளைக்கு அவங்க முன்னாடி உங்க நியாயத்த எடுத்து வுட்டுக்கினு நிக்காதீங்க. அப்புறம் மூட்டை கட்டிக்கினு எங்க அண்ணன் வூட்டுக்குத்தான் போவணும். எங்க அண்ணிய உங்களுக்குத் தெரியும்." அவருக்குத் தெரியும்.

குழுவின் தலைவர் நடராசன் கணக்குப்பதிவியல் பேராசிரியர். காலையெல்லாம் வகுப்பில் உட்கார்ந்து கவனித்தவர், எழுந்ததும் சுற்றி வளைக்காமல் இயந்திரத்தின் முன் நின்று காசு போட்டு, "இந்தத் துறை தேவையா?" என்று கேட்டார். சீட்டு விழுந்தது. திருப்பித் திருப்பிப் பார்த்தார். இரண்டு பக்கமும் வெறுமையாக இருந்தது.

"ரிப்பேர்" என்றார் நடராசன். "என்ன சொல்றீங்க, சீனுவாசன்?"

ஆமாம் என்று சொன்னால் ஏழு வருஷமாக அவர் வீட்டில் சொல்லிவந்தது உண்மையாகும், வேலை போகும். மாணவர்கள் அவர் வாயையே பார்த்தார்கள்.

"தலைவர் யோசிக்கிறார்" என்றார் சீனுவாசன்.

"யோசிக்கிறதுன்னு உங்களுக்கு எப்படிங்க தெரியும்?"

"காலையிலேருந்து நீங்களும் ஒண்ணும் பேசாமத்தான் உட்கார்ந்திருந்தீங்க சார். யோசிக்கிறீங்கன்னுதான் நாங்க எடுத்துக்கினோம்" என்றார் சீனுவாசன்.

வகுப்பு சிரித்தது. நடராசனும் சிரித்துத்தான் ஆக வேண்டியிருந்தது. தலைவரின் முடிவுரைக்கு முன் எழுந்து போவது அவமரியாதை என்பதால் குழு உட்கார்ந்தது. காபி வந்தது, பிறகு வடையும் காபியும் வந்தன. சாயங்கால ரயிலுக்கு நேரமானதும், தலைவரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, முடிவுரை ஆனதும் தகவல் சொல்லுங்கள் என்று புறப்பட்டார்கள். கூட்டம் முடியாமல் அறிக்கை கொடுக்க முடியாது என்று நடராசன் மேலிடத்துக்கு எழுதினார். கூட்டம் நடக்கும் அறையில் வேறு வகுப்பு வைக்க முடியாது என்று மேலிடம் நிர்வாகத்துக்கு எழுதியது. நடராசன் ஓய்வு பெற்றார், மாநிலத்தில் ஆட்சி மாறியது, மாநிலத்தின் பெயரும் மாறியது. சீனுவாசன் காலையில் அறைக்குள் வந்து, "தலைவர் அவர்களே" என்று வணங்கி, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். சம்பளமும் தவறாமல் வந்தது. மணி அடித்தால் மாணவர்கள் தலைவரிடம் அனுமதி கேட்டுவிட்டு வெளியே போனார்கள்.