மூன்றாம் ஓலை

தென்னூர் வார்டில் நகராட்சித் தேர்தலுக்குப் பாக்கியநாதன் நிற்பதென்று பேசி முடித்திருந்தார்கள். மாதா கோயில் தர்ம சபையும் செங்கொடிச் சங்கமும் சேர்ந்து நிறுத்தும் ஆள். சபைக்குக் குழாய்த் தண்ணீர் வேண்டும். சங்கத்துக்கும் அதுதான் வேண்டும். அதற்கு மேல் இரண்டு பேருக்கும் ஒத்துப்போனது எதுவுமில்லை.

சங்கச் செயலாளர் வீரமலைக்குக் கடவுள் கிடையாது. பங்குச் சாமியாருக்கு வீரமலை கிடையாது.

"செங்கொடியோட சேர்ந்து நிப்பேன்னா, மூணாவது ஓலையப் பத்தி நான் யோசிக்கணும்," என்றார் சாமியார் பாக்கியநாதனிடம்.

பாக்கியநாதன் மகள் ரோசரிக்கும் அதே பங்கைச் சேர்ந்த தைரியராஜின் மகனுக்கும் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மூன்று ஞாயிறு பூசையில் ஓலை வாசித்து, தடை உண்டா என்று கேட்க வேண்டும். இரண்டு முடிந்திருந்தன. மூன்றாவது நின்றால் கல்யாணமும் நிற்கும்.

பாக்கியநாதன் வீரமலையிடம் சொன்னார்: "ஞாயித்துக்கிழமை வரைக்கும் எங்க வீட்டுப் பக்கம் வராதீங்க."

"வரலைங்க."

வீட்டுக்கு வரவில்லை. கோயிலுக்கு வந்தார். சிவப்புத் துண்டைக் கழற்றி வைத்துவிட்டு, வெளுத்த சட்டையோடு ஆண்கள் பக்கம் கடைசியில் உட்கார்ந்தார். மரியாதை காட்டினால் சாமியார் இளகுவார் என்று நினைத்தார்.

சாமியார் ஓலையை வாசித்தார். "தடை ஏதும் அறிந்தவர்கள் அறிவிக்க வேண்டும்."

அங்கே அதற்கு யாரும் வாய் திறப்பதில்லை. வீரமலைக்கு அது தெரியாது. அவருடைய சங்கக் கூட்டத்தில் யாரும் வாய் திறக்காவிட்டால் தீர்மானம் செத்துப்போகும். சற்றுப் பொறுத்துப் பார்த்துவிட்டு எழுந்தார்.

"ஆட்சேபணை இல்லைங்க. நான் ஆமோதிக்கிறேன்."

சங்கக் கூட்டத்துக்குப் போகிறவர்களின் பழக்கதோஷம். ஆண்கள் பக்கத்தில் கைகள் உயர்ந்தன. பதினொன்று. பீடத்தில் மெழுகுவர்த்தி ஏற்றும் செபஸ்தியானுடையது ஒன்று. முன்வரிசையில் சம்பந்தி தைரியராஜுடையது ஒன்று. செங்கொடிக்காரன் சகவாசம் வேண்டாம் என்று போன வாரம்தான் பாக்கியநாதனுக்குப் புத்தி சொல்லியிருந்தார். இப்போது அந்தக் கையால் காதைச் சொறிந்துகொண்டார்.

சாமியார் கைகளை நிதானமாக எண்ணினார்.

"கைய இறக்குங்க. பூசை நடக்குது. மூணு ஓலையும் வாசிச்சாச்சு."

வெளியே பாக்கியநாதனின் மனைவி லூர்துராணி அவர் கையைப் பிடித்தாள். "கல்யாணம் நடக்கும்ல?"

"நடக்கும்போல."

"அப்புறம் ஏன் மூஞ்சி இப்படி இருக்கு?"

வீரமலை தயங்கி வந்தார். "தப்புப் பண்ணிட்டேனா தோழரே?"

"தெரியலைங்க."

"பெரும்பான்மை நம்ம பக்கந்தானே?"

எந்தப் பக்கம் நம் பக்கம் என்று பாக்கியநாதனுக்குப் பிடிபடவில்லை. அதற்குள் சாமியார் படியிறங்கி வந்துவிட்டார்.

"பதினோரு பேர் கையத் தூக்கினாங்க. தேர்தல்ல நிக்கப்போறவன் நீ. உன் கை மட்டும் ஏன் கீழ இருந்துச்சு?"

கோபமா கேலியா என்று முகத்தில் தெரியவில்லை. பயந்துதான் தூக்கவில்லை என்று பாக்கியநாதன் சொல்லலாம். யாருக்குப் பயந்து என்று சாமியார் அடுத்துக் கேட்பார்.

"பொண்ணப் பெத்தவன் நான்," என்றார் பாக்கியநாதன். "ஓட்டுப் போடலாமான்னு தெரியலைங்க சாமி."