பொய்க்கோல்

கடைசிக் கல்லையும் வைத்த பிறகு வளைவின் உச்சியில் ஒரு சாண் இடைவெளி மிச்சமிருந்தது. ஆம்ப்ரோஸ் லாத்பரி முதலில் சுண்ணாம்புக் கோட்டைத்தான் சந்தேகப்பட்டார். நகர நூலகத்தின் வாசல் வளைவை முற்றத்துக் கல் தரையில் முழு அளவில் வரைந்து, சூளையிலிருந்து இறக்கிய சுடுமண் கற்களை அதன்மேல் படுக்க வைத்திருந்தார்கள். இலையும் கொடியுமாக இரண்டு பக்கமும் ஏறி வந்த கற்கள் உச்சியில் வந்து சேரவில்லை.

"கோட்டுல தப்பில்ல முதலாளி. ரெண்டு தடவ அளந்துட்டேன்," என்றார் மேஸ்திரி ஜேபஸ் டோலி. அளவுக் கயிற்றைச் சுருட்டிக்கொண்டே ஆபீஸ் ஜன்னலை ஒரு தடவை பார்த்தார். அந்தப் பார்வைதான் லாத்பரியைச் சுட்டது.

இங்கிலாந்தின் செவர்ன் ஆற்றங்கரையில் சாக்கடைக் குழாய் சுட்டுப் பிழைக்க வந்த மனிதர் அவர். குழாயிலிருந்து புகைபோக்கி, புகைபோக்கியிலிருந்து பூந்தொட்டி, பிறகு தேவதை, சிங்கம், முழுக் கட்டட முகப்பு என்று முப்பத்தைந்து வருஷத்தில் ஏறியவர். ஏறியவர் இப்போது இறங்கிக்கொண்டிருந்தார். மூன்று வருஷமாகச் சொல்லிக்கொள்ளும்படி ஒரு வேலையும் வரவில்லை. இந்த நூலகமும் கைவிட்டுப் போனால் சூளை அணையும், அதை நம்பிய நாற்பது வீட்டு அடுப்பும் கூடவே அணையும். இது முற்றத்தில் நின்ற எல்லோருக்கும் தெரியும்.

பச்சை மண் காய்ந்து வெந்தால் சுருங்கும். பதிமூன்று அங்குலம் பன்னிரண்டாகும். அதனால் அச்சு செய்கிறவர்களிடம் இருப்பது வேறு அடிக்கோல். அதில் ஓர் அடி என்பது பதிமூன்று அங்குலம். அதற்குப் பொய்க்கோல் என்று பெயர். "நம்ம முதலாளிக்கு அடியும் நீளம், வேலை நேரமும் நீளம். கூலியை மட்டும் நல்ல கோல்ல அளப்பாரு," என்று கொடியிலைகளைச் செதுக்கும் கெசையா பியூ அவர் காதுபடவே சொல்வாள். அவரும் சிரிப்பார். பேரிக்காய் மரத்தில் அந்தக் கோலைத் தன் கையாலேயே செய்தவர் அவர்.

போன குளிர்காலத்தில் பழைய மண்குழிக்குள் ஆற்று நீர் புகுந்தது. கால்வாய்க்கு அந்தப் பக்கம் புதுக் குழி தோண்டினார்கள். லாத்பரி ஒரு சிட்டிகை மண்ணை நாக்கில் வைத்துப் பார்த்து, "நம்ம மண்ணுதான்" என்றார். அவர் நாக்கு சொன்னால் முற்றத்தில் மறுபேச்சு கிடையாது. ஜேபஸ் மட்டும் அதைக் கேட்காமல் புது மண்ணில் ஒரு சோதனைக் கட்டை சுட்டு எடுத்து வந்தார்.

"இது அதிகமாச் சுருங்குது முதலாளி. ஒரு தடவ அளந்து பாருங்க."

"என் நாக்கை விட உன் கட்டைக்கு ரொம்பத் தெரியுமோ?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டு, அந்தக் கட்டையை ஆபீஸ் ஜன்னலுக்கு முட்டுக் கொடுத்துவிட்டார். மேலே தூக்கித் திறக்கும் அந்த ஜன்னலைத் தாங்கும் கயிறு அறுந்து கிடந்த சமயம் அது. ஈஸ்டரிலிருந்து ஜன்னல் அதன்மேல்தான் நிற்கிறது.

பதினொரு மணிக்கு நூலகத்தின் கட்டடக் கலைஞர் பென்ஹாலோ வந்தார். தொப்பியைக் கழற்றாமலே வளைவைச் சுற்றி நடந்தார்.

"செங்கல் சுவர் எழும்பிடுச்சு மிஸ்டர் லாத்பரி. சுவரை உங்க கல்லுக்காகச் சுருக்க முடியாதே."

"பத்து வாரம் குடுங்க. புதுசா அச்சு எடுத்து..."

"அக்டோபர்ல கூரை போட்டாகணும். கமிட்டியில மொதல்லேருந்தே கருங்கல்தான் கேட்டாங்க. உங்க பேரச் சொல்லி நான்தான் சண்டை போட்டேன். இனி அவங்க கேட்டதுதான்." அவருக்கும் வருத்தமாகத்தான் இருந்தது. குனிந்து ஒரு இலையைத் தடவினார். "வேலை ரொம்ப அழகா இருக்கு," என்றார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருக்கலாம்.

வண்டிச் சத்தம் மறைந்ததும் லாத்பரி ஆபீசுக்குள் போய் ஜன்னலுக்கு அடியிலிருந்து கட்டையை உருவினார். ஜன்னல் தடாலென்று விழுந்தது. கட்டையின் இரண்டு முனையிலும் ஜேபஸ் பச்சை மண்ணிலேயே கீறிய கோடுகள் இருந்தன. நடுவில் பதிமூன்று என்ற எண். நல்ல கோலை எடுத்து அளந்தார். பன்னிரண்டு இருக்க வேண்டிய இடத்தில் பதினொன்றரை இருந்தது. அந்த அரை அங்குலம் அவர் கைக்கெட்டும் தூரத்தில் ஐந்து மாதமாக இருந்திருக்கிறது.

ஜேபஸ் வாசலில் வந்து நின்றார்.

"மூணாம் சூளைக்காரங்க கேக்குறாங்க, கரி போடவா வேணாமான்னு."

மூன்றாம் சூளைக்குள் நூலகத்தின் மேல்வரிசை முழுவதும் இருந்தது. அதே மண், அதே கோல். இன்னும் ஐந்து நாள் எரிய வேண்டும்.

"நீ இன்னொரு தடவ சொல்லியிருக்கலாமே ஜேபஸ்."

"சொல்லியிருக்கலாம்," என்றார் ஜேபஸ். "ஆனா அன்னைக்கு எல்லாரும் சிரிச்சாங்க முதலாளி."

கண்ணாடிக்கு வெளியே கரி அள்ளுகிறவர்கள் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு இந்தப் பக்கமே பார்த்தபடி நின்றார்கள். கெசையா ஈரக் கையை முன்துணியில் துடைத்துக்கொண்டே கொட்டகை வாசலுக்கு வந்திருந்தாள்.

"போடச் சொல்லு."

"எதுக்கு முதலாளி?"

"அஞ்சு நாள் வேலையாவது இருக்கும்ல."

ஜேபஸ் சூளைப் பக்கம் போனார். லாத்பரி ஜன்னலைத் தூக்கிப் பிடித்துக் கட்டையைப் பழைய இடத்திலேயே வைத்தார். அது கச்சிதமாக உட்கார்ந்தது. வெளியே முதல் மண்வெட்டிக் கரி விழுந்த சத்தம் கேட்டது. சற்று நேரத்தில் ஜன்னல் வழியாகப் புகை உள்ளே வந்தது.