ஊமைக்கண்மாய் ஆஸ்பத்திரியின் மாடி

1931ஆம் வருஷம் மாட்டுப் பொங்கலன்று கொத்தனார் முத்திருளன் ஊமைக்கண்மாய் மனோவியாதி ஆஸ்பத்திரியின் மாடி அறைக்குக் குடிபோனான். அந்த ஆஸ்பத்திரி கட்டப்பட்டிருக்கவில்லை. வண்டியூருக்குக் கிழக்கே இரண்டு மைலில், எருக்கும் தும்பையும் முளைத்த காலி மனையில், ஓர் அடிக்கல்லுக்கு நேர் மேலே பன்னிரண்டடி உயரத்தில் அவன் சம்மணமிட்டு உட்கார்ந்து கிழக்கே பார்த்துக்கொண்டிருந்தான். ஊர் ஒரு வாரம் அண்ணாந்து பார்த்தது. பிறகு கழுத்து வலித்து அவரவர் வேலையைப் பார்க்கப் போனது.

அதற்கு முந்தைய ஐந்து வருஷமும் அவன் ஊர் நிர்வாகம் பார்த்த போர்டாரின் மாட்டுப் பவுண்டில், அதாவது பட்டியில், கிடந்தான். பெண்டாட்டியையும் பிள்ளையையும் காலரா ஒரே நாளில் கொண்டுபோன பிறகு அவன் பேச்சு நின்றுவிட்டது. எப்போதாவது நடுத்தெருவில் நின்று அலறுவான். சித்தம் கலங்கியவனை என்ன செய்வது என்று போர்டில் ஒருவருக்கும் தெரியாது, தெரிந்துகொள்ளும் ஆசையும் கிடையாது. பயிரை மேய்ந்து பிடிபட்ட மாடுகளோடு மாடாகச் சங்கிலி போட்டுக் கட்டினார்கள். அவன் அக்கா மலையம்மாள் வீடு வீடாகச் சுண்ணாம்பு விற்பவள். போர்டு குமாஸ்தா உமர் பாரூக்கைக் கொண்டு மனு எழுதிக் கொடுத்தாள். கிழக்கே ஜன்னல் வைத்த அறை, வாரம் ஒரு தரம் டாக்டர், காலில் சங்கிலி கூடாது. தம்பிக்கு மட்டுமல்ல, சுற்றுவட்டாரத்தில் கட்டிக்கிடக்கும் அத்தனை பேருக்கும். அவள் கேட்டது அவ்வளவுதான்.

போர்டில் ஒன்பது மெம்பர்கள். ஐந்து பேராவது வந்தால்தான் கூட்டம் செல்லும். அதற்குக் கோரம் என்று பேர். மாதத்தின் முதல் திங்கட்கிழமை அந்த ஐந்து பேரைச் சேர்ப்பது ஐந்து பூனைகளை ஒரே கூடையில் உட்காரவைக்கிற வேலை. ஒருவர் ஆட்டுக்கறி தின்றால் விளக்கு வைக்கும்வரை எழமாட்டார். ஒருவர் சேவல்கட்டை விட்டு நகரமாட்டார். ஒருவர், அடுத்த வீட்டுக்காரனுக்குக் காய்ச்சல் என்று கேள்விப்பட்டாலே கம்பளியைப் போர்த்திப் படுத்துவிடுவார். மலையம்மாள் சுண்ணாம்புக் கூடையோடு வாசல் வாசலாக நின்று, "இன்னைக்குக் கூட்டம்யா, செத்த வந்துட்டுப் போங்கய்யா" என்று ஐந்து வருஷம் கெஞ்சினாள். எந்த மெம்பருக்கு எந்தச் சோம்பல் என்பது அவளுக்கு மனப்பாடமாயிற்று. வேறு எதுவும் அவளுக்குக் கிடைக்கவில்லை.

1930இல் கலெக்டர் முகாம் வருவதாகச் செய்தி வந்தது. காட்டுவதற்கு ஏதாவது வேண்டுமே என்ற பயத்தில் ஒன்பது பேரும் ஓடிவந்து, சரித்திரத்திலேயே முதல் தடவையாக ஏகமனதாக ஒரு தீர்மானம் போட்டார்கள். ஓவர்சியர் அனந்தராமன் மாடி ஆஸ்பத்திரி ஒன்று வரைந்தார். வேலையில் அக்கறையுள்ள மனிதர். பதினேழு படி, ஓட்டுக்கூரை, கிழக்கே ஜன்னல், சோறு தண்ணீர் ஏற்ற ஜன்னலுக்கு வெளியே ஒரு கப்பி வரை விடாமல் வரைந்தார். பிரசிடெண்டு வக்கீல் ஹாலாஸ்யம் தம் பெயரைப் பெரிதாக வெட்டிய அடிக்கல்லை மேளத்தோடு நட்டார். கலெக்டர் வந்தார், மாலை வாங்கினார், போனார். அதற்குப் பிறகு அந்த மனையில் ஒரு செங்கல்கூட விழவில்லை.

உமர் பாரூக் இரக்கப்பட்டு பிளானின் நகலை மலையம்மாளுக்குக் கொடுத்தார். அவள் அதைப் பவுண்டுக்குக் கொண்டுபோய்த் தம்பியிடம் காட்டினாள். கொத்தனார் அல்லவா, மூன்று நாள் விரலால் தடவித் தடவிப் படித்தான். மாட்டுப் பொங்கலுக்கு மாடுகளைக் குளிப்பாட்ட அவிழ்த்தபோது அவனையும் அவிழ்த்தார்கள். நேரே மனைக்கு நடந்தான், காலைத் துடைத்தான், பதினேழு படி ஏறினான், இடதுபுறம் திரும்பி ஜன்னலோரம் உட்கார்ந்தான். அதற்குப் பிறகு அவன் அலறவில்லை. மழை அவன் மேல் விழவில்லை, பிளானில் கூரை இருந்தது. மலையம்மாள் ஏறிப்பார்த்தாள், காலில் தும்பைச்செடிதான் மிதிபட்டது. சித்தம் தெளிந்தவர்களுக்குப் படி அகப்படவில்லை. கயிற்றை வீசினாள், அது கப்பியில் விழுந்தது. அன்றிலிருந்து கூடையில் சோறு போயிற்று. டாக்டர் மட்டும் வரவில்லை. டாக்டரைப் பிளானில் வரைய முடியாது.

போர்டார் அசரவில்லை. ஆஸ்பத்திரி நடைபெறுவதாகவும், ஆகவே அதைக் கட்ட அவசியமில்லை என்றும் மேலிடத்துக்கு எழுதினார்கள். வாடிப்பட்டியிலிருந்துகூட வண்டி கட்டிக்கொண்டு ஆட்களைக் கொண்டுவந்து விட்டார்கள்; மாடியில் எட்டுப் பேர் ஆனார்கள். 1933இல் சிக்கனத்தை முன்னிட்டு, கட்டாத கட்டடத்தின் மாடி வராந்தாவை மட்டும் ரத்து செய்தது போர்டு. கை தூக்கிய அதே நிமிஷம் வராந்தாவில் வெயில் காய்ந்துகொண்டிருந்த கண்ணுச்சாமி என்ற கிழவர் கீழே விழுந்து இடுப்பெலும்பு முறிந்தார். "தவறி விழுந்தார்" என்று பதிவாயிற்று. இந்த ஜன்மங்களுக்கு வெட்கம் என்ற ஒன்றை யாரும் வரைந்து கொடுத்திருக்கவில்லை.

1935 ஆடியில் ஹாலாஸ்யத்தின் மருமகன் அரிசி மில் வைக்க அந்த மனையைக் கேட்டார். பிளான் முழுவதையும் ரத்து செய்வதை அடுத்த கூட்டத்தின் முதல் அயிட்டமாகப் போட்டார்கள். மலையம்மாள் பிரசிடெண்டு வீட்டு வாசலில் போய் நின்றாள்.

"ஏழு உசுரு மேல இருக்கு சாமி. ரத்துப் பண்ணுனா அம்புட்டுப் பேரும் விழுந்துருவாக."

"இறங்கச் சொல்லேன்."

"இறங்கி எங்கிட்டுப் போவாக, பவுண்டுக்கா?"

"அதை அடுத்த மீட்டிங்லே பேசலாம்" என்று சொல்லி ஹாலாஸ்யம் வெற்றிலைக்கு அவளிடமே சுண்ணாம்பு வாங்கிக்கொண்டார்.

கெஞ்சுவதை அவள் அன்றோடு விட்டாள். முதல் திங்கட்கிழமை கறிக்காரரின் வீட்டுக்குக் காலையிலேயே ஆட்டுத்தொடை ஒன்று போயிற்று. சேவல்காரரிடம் ஊர்க்கோடியில் நல்ல கட்டு என்று சொன்னாள். காய்ச்சல்காரர் வாசலில் நின்று இரண்டு தடவை இருமினாள். இன்னும் இரண்டு பேருக்கும் அவரவர் மருந்து கிடைத்தது. கூட்டத்துக்கு நாலு பேர்தான் வந்தார்கள். உமர் பாரூக் அரைமணி நேரம் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, கோரம் இல்லாததால் ஒத்திவைக்கப்பட்டது என்று நிதானமாக எழுதினார். அடுத்த மாதமும் அப்படியே. மூன்றாம் மாதத்துக்குப் பிறகு அவள் எதுவும் செய்யத் தேவைப்படவில்லை. ருசி கண்ட பூனைகள் தாமாகவே வரவில்லை. எலெக்ஷனில் பிரசிடெண்டு நீங்கலாக ஆள் மாறியது, சோம்பல் மாறவில்லை. எட்டு வருஷம் போர்டு கூடவே இல்லை. கூடிய காலத்திலும் ஒன்றும் நடந்ததில்லை என்பதால் ஊருக்கு வித்தியாசம் தெரியவில்லை.

1942இல் ஹாலாஸ்யத்தின் ஒரே மகன் யுத்தத்துக்குப் பயந்து ரங்கூனிலிருந்து நடந்துவரும் வழியில் இறந்தான். அவர் மனைவி பாலாம்பாள் கிணற்றுக்குள் எட்டிப்பார்த்து மகனைச் சாப்பிடக் கூப்பிட ஆரம்பித்தாள். மனிதர் கொல்லையறையில் வைத்துப் பூட்டினார். ஊருக்கு ஒரு நியாயம், தனக்கு ஒரு நியாயம் என்று சொல்ல முடியாது. இரண்டும் ஒன்றாகத்தான் இருந்தது. ஒரு வருஷம் கதவை நகத்தால் பிறாண்டும் சத்தத்தைக் கேட்டபிறகு, பட்டப்பகலில் வண்டி கட்டிக்கொண்டு மனைவியை மனைக்குக் கூட்டிவந்தார். அந்த அம்மாள் காலைத் துடைத்துக்கொண்டு ஏறினாள். பன்னிரண்டாம் படியில் தயங்கி நின்றாள். பதினேழு வருஷமாகப் பேசாத முத்திருளன் மேலிருந்து கையை நீட்டினான்.

"இன்னும் அஞ்சு படிதேன். வாங்க தாயி."

ஹாலாஸ்யம் பின்னாலேயே ஓடினார். எருக்கஞ்செடியில் கால் மாட்டி விழுந்தார். எழுந்து, அடிக்கல்லில் இருந்த தம் பெயரைப் பிடித்துக்கொண்டு நின்றார். மறுநாளே பிளானை ரத்து செய்யும் அந்த முதல் அயிட்டத்தை வாபஸ் வாங்கவேண்டும் என்று உமர் பாரூக்கிடம் போனார். வாபஸ் வாங்கவும் கோரம் வேண்டும், கூடுகிற ஐந்து பேரில் மூன்று பேர் மில்லுக்குக் கை தூக்கிவிட்டால் என்ன செய்வீர்கள் என்று குமாஸ்தா கேட்டார். அன்றுமுதல் ஒவ்வொரு முதல் திங்கட்கிழமையும் காலையில் சுண்ணாம்புக் கூடைக்குப் பின்னால் வக்கீல் ஹாலாஸ்யமும் மெம்பர்கள் வீட்டு வாசலில் நின்று, உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள், வெயிலில் வரவேண்டாம் என்று சொல்லிக்கொண்டு போனார்.

மத்தியானம் மனைக்கு வந்தால் மலையம்மாள் கயிற்றை அவர் கையில் கொடுப்பாள். "ரெண்டு கையாலயும் பிடிங்க சாமி, எட்டுப் பேரு சோறு" என்பாள். அவர் இழுப்பார். கூடை தும்பைச்செடிகளுக்கு மேலே ஏறிப்போகும். கப்பிக்கு எண்ணெய் போடவேண்டியிருந்தது.