தீனோ தட்டிவிட்ட பந்து

லுவெர்கோ துறைமுகத்தில் இன்றைக்கும் தீனோ சைடர் என்கிற ஆப்பிள் மது குடித்தால் எந்தக் கடைக்காரரும் காசு வாங்க மாட்டார். மைதானத்தின் இடது ஓரத்தில், விங்கில் ஓடி ஓடி, ஊர் கால்பந்து கிளப்பை முதல் டிவிஷன் வரைக்கும் கொண்டுபோனவர் ஆயிற்றே! பந்து காலில் இருந்தால் மனுஷன் காற்று. பந்து பறிபோனால்? சிலைதான். இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, "காஸ்பர், பாத்துக்கடா!" என்று பின்னால் ஒரு சத்தம் போடுவார். அவர் தடுத்தாடிய லட்சணம் அவ்வளவுதான்.

அவருக்குப் பின்னால் தடுப்பாட்டக்காரராக நின்ற காஸ்பர், இரண்டு பேர் ஓட வேண்டியதை ஒற்றை ஆளாக ஓடினார். முப்பது வயதுக்குள் முட்டி இரண்டும் தேய்ந்து, ஆட்டமே போயிற்று. இப்போது கைத்தடி இல்லாமல் நடக்க முடியாது. தெருவில் யாருக்கும் அவரை அடையாளம் தெரிவதில்லை. தீனோவுக்குத் தெரியும். பார்த்தாலே போதும், வேறு தெருவில் திரும்பிவிடுவார், வெட்கங்கெட்ட மனுஷன்.

கிளப்புக்கு நூறாவது ஆண்டு வந்தது. விழா ஆட்டம் தொடங்குமுன் மைதான நடுவட்டத்தில் முதல் உதை உதைக்கிற மரியாதை தீனோவுக்குத்தான் என்றார்கள். காஸ்பரும் வந்தால்தான் வருவேன் என்று அடம்பிடித்தார். செய்த பாவம் கொஞ்சமாவது குறையட்டுமே என்ற நப்பாசை.

காஸ்பர் வீட்டுக் கதவைத் திறந்தது அவர் மனைவி ஒலீவா. "அடேயப்பா, துரைக்கு இப்பத்தான் வழி தெரிஞ்சுதாக்கும்!"

தீனோ உள்ளே போய் விஷயத்தைச் சொன்னார்.

"என்னை எதுக்குடா இழுக்கறே? படி ஏறவே உயிர் போகுது" என்றார் காஸ்பர்.

"சும்மா பக்கத்துல நில்லுடா. உதைக்கிறது நான்."

"ஓடச் சொல்ல மாட்டியே?"

"சத்தியமா மாட்டேன்."

அன்றைக்கு அரங்கம் நிரம்பி வழிந்தது. "ஊர் முன்னாடி மூணு காலோட போக மாட்டேன்" என்று காஸ்பர் கைத்தடியை வாசலிலேயே ஒலீவாவிடம் கொடுத்துவிட்டார். பல்லைக் கடித்துக்கொண்டு நடுவட்டம் வரை நடந்தார். "தீ-னோ! தீ-னோ!" என்று கூட்டம் கத்தியது. காஸ்பர் பெயரைச் சொல்ல ஒரு நாதியில்லை.

தீனோவுக்குத் தாங்கவில்லை. கொடுத்த வாக்கு மறந்தே போயிற்று. நீ உதைடா என்று பந்தை அவர் பக்கம் தட்டிவிட்டார். ஆனால் பழகின கால் அல்லவா? ஆளின் காலுக்குக் கொடுத்து அதற்குப் பழக்கமே இல்லை. முன்னால் தள்ளிவிடும், அடுத்தவன் ஓடி எடுக்க வேண்டும். பந்து காஸ்பரைத் தாண்டி உருண்டது.

ஊரே பார்க்கிறது. அவர்தான் என்ன செய்வார்? ஓடினார். முட்டி மடங்கி, கோட்டும் சூட்டுமாகப் புல்லில் குப்புற விழுந்தார்.

"ஐயோ, என்ன காரியம் பண்ணேன்" என்று தீனோ பதறி ஓடி, அள்ளித் தூக்கி, தோளில் சாய்த்துக்கொண்டார்.

அவ்வளவுதான். கூட்டம் எழுந்து நின்றது. பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். எப்படிப்பட்ட மனசு பாருங்கள் என்று உருகி, முன்னைவிட இரண்டு பங்கு சத்தம்: "தீ-னோ! தீ-னோ!"

"என்னை மன்னிச்சிருடா" என்றார் தீனோ.

காஸ்பர் கூட்டத்துக்காகச் சிரித்த முகத்தை மாற்றாமல், அவர் காதில் சொன்னார். "நான் விழுந்ததுக்கும் உனக்குத்தான்டா கைதட்டு. கையக் காட்டு, காத்துக்கிட்டிருக்காங்க."

காட்டக் கூடாது என்றுதான் தீனோ நினைத்தார். கை தானாக மேலே போயிற்று.